கண்ணாயி அத்தையின் விருந்தாளி

பொன்னுவேல் ஒரு மாத டூரிஸ்ட் விசாவோடு ஏற்காட்டுக்குப் பக்கத்து நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அப்பாவின் தங்கை கண்ணாயியின் கருமாதிக்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்தார். காரியம் முடிந்ததும் ஏற்காட்டு ஏரியில் ஒரு சுற்று படகு விட்டுவிட்டு, மகள் தர்ஷினியின் கல்யாண வேலைக்குத் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்த அத்தை வீட்டின் சாவியைப் பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏனுங்க, சாவு ஊடுங்க. கெளம்பறப்போ 'போயிட்டு வர்றேன்'னு வாய் தவறிக்கூடச் சொல்லிப்போடாதீங்க. சொல்லிக்காமப் போயிருங்க."

"தெரியுங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான்."

"உங்கத்தைக்கு விருந்தாளின்னா நொம்ப உசுருங்க. கெளம்பறேன்னாப் போதும், அவிங்க துணிமணியெல்லாம் தொவச்சுக் கொடியில போட்டுரும். இந்தப் பனியில எங்கீங்க காயறது? இருந்துட்டுத்தான் போவாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

காரியம் முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் பின்கதவைத் திறந்த பொன்னுவேல் அப்படியே நின்றுவிட்டார். முந்தின இரவு பெட்டியில் மடித்து வைத்த துணி அத்தனையும் கொடியில் தொங்கியது. சொட்டச் சொட்ட ஈரம். சட்டைப் பையில் வைத்திருந்த பாஸ்போர்ட்டும் ஊறி, கடைசியில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கப்பன் மனைவியின் உபகாரமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். அவளோ அந்தப் பக்கமே வரவில்லை என்றாள்.

பாஸ்போர்ட்டை அடுப்போரம் வைத்து ஏடு ஏடாகக் காயவைப்பதற்குள் விமானம் போய்விட்டது. மறுபடி பெட்டி கட்டினார். மறுபடி எல்லாம் கொடிக்குப் போனது. பிறகு காய்ச்சல் வந்து படுத்தார். படுக்கையிலேயே விசாவும் முடிந்தது.

அதற்கப்புறம் அவர் ஏற்காட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தினார். அப்பா பிறந்த ஊர், அப்பா பேசிய பேச்சு. ஆனாலும் சட்டப்படி அவர் ஒளிந்து தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மத்தியானங்களில் பின்கட்டில் துணி அடிக்கும் சத்தம் கேட்கும். சவுக்கார வாசனை வரும்.

போய்ப் பார்த்தால் யாரும் இல்லை.

துவைக்கிற கல் மட்டும் நனைந்திருக்கும்.

ஒருநாள் கண்ணயர்ந்து எழுந்தபோது முதுகு சில்லிட்டது. உடம்பில் போட்டிருந்த சட்டையைக் காணவில்லை.

கொடியில் இருந்தது.

கடைப் பக்கம் போனால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே நின்று மகளிடம் பேசினார். தர்ஷினி அழுதுவிட்டாள். "கல்யாணம் நெருங்கிடுச்சு. நீங்க இல்லாம நான் மணையில உட்கார மாட்டேம்பா."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. சென்னைக்குப் போய் அதிகாரிகளிடம் உள்ளதைச் சொல்லி, அபராதம் கட்டி, வெளியேற அனுமதி வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தார். பெட்டியைத் தொடவே இல்லை. பாஸ்போர்ட்டைப் பனியனுக்குள் செருகி, கட்டிய வேட்டியோடு வாசலிறங்கினார்.

பின்னால் ஈரக் கால்கள் நடந்து வந்தன.

அவர் திரும்பவில்லை. பேசவில்லை.

வேலிப் படல் வரைக்கும் வந்து அந்தக் கால்கள் நின்றன. வழியனுப்ப வந்தவள் நிற்பது அப்படித்தான். அவள் உயிரோடு இருந்தபோது ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார். இத்தனை நாள் தனக்குத் தெரிந்த விதத்தில் உபசரித்தவளிடம் ஒரு வார்த்தையும் இல்லாமல் எப்படிப் போவது? 'போயிட்டு வர்றேன்' என்று சொன்னால்தானே தப்பு?

"நீங்களும் ஒருதரம் எங்க வீட்டுக்கு வாங்க, அத்தை."

பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பனிகூட லேசாக விலகியது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது போன் அடித்தது.

"தர்ஷினி, கிளம்பிட்டேம்மா. கையெழுத்து வாங்கின உடனே ஓடி வந்துடறேன்."

"அப்பா..." அவள் கிசுகிசுத்தாள். "நீங்க வரச் சொன்னதா ஒரு அம்மா வந்திருக்காங்க. என் கூறைப் புடவையைத் தொவச்சுக் கொடியில போட்டுட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் அப்பா வீட்லயே இருந்துட்டுப் போலாம் கண்ணுங்கிறாங்க."

பொன்னுவேல் போனைக் காதோடு அழுத்தினார்.

"உங்ககிட்ட பேசணுமாம்ப்பா. போனைக் கொடுக்கட்டுமா?"