அப்பாவின் குரல் எங்கே இருக்கிறது?

“அரை மணி நேர வேலை!” என்று சொல்லிக்கொண்டேதான் மாமா வீட்டுக்குள் நுழைந்தார்.

அவர் கழற்றிய செருப்புகளில் ஒன்று வாசலைப் பார்த்துக் கிடந்தது. மற்றொன்று சுவரைப் பார்த்துக் கிடந்தது. மாமாவுக்கு எதிலும் அவசரம்தான். சொந்தக்காரர்கள் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் போகும். அவரும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடி வருவார்.

இன்றைக்கு அவர் வந்தது அப்பாவின் பழைய கணினிக்காக.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால், அழுகிற குழந்தைகூட ஒரு நிமிடம் நின்று கேட்கும். பிறகு தொண்டையில் நோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். நோய் போய்விட்டது. கூடவே குரலும் போய்விட்டது.

ஆனால் அதற்கு முன்பே அப்பா ஒரு காரியம் செய்திருந்தார். அறையின் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நாள்கணக்கில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு, அவர் எதைத் தட்டினாலும் கணினி அவருடைய குரலிலேயே பேசும்.

நச்சுவுக்கு அந்தக் குரல் இல்லாவிட்டாலும் எப்படியோ சமாளிக்க முடியும். அவள் ஐந்தாம் வகுப்பு. அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டினால் படித்துக்கொள்வாள். தம்பி உருண்டைக்கு நான்கு வயது. அவனுக்கு ‘அ’வும் ‘ஆ’வும் ஒன்றுதான். அப்பா அவனோடு பேசுவதெல்லாம் அந்தக் கணினி வழியாகத்தான்.

நச்சு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஓயாமல் கேள்வி கேட்டு நச்சரிப்பதால் வீட்டில் எல்லோரும் வைத்த பெயர்.

“எதுக்கு மாமா இதை மாத்தணும்? நல்லாத்தானே ஓடுது?” என்று அன்றைய முதல் கேள்வியைக் கேட்டாள்.

“ஓடுது, ஆனா நொண்டிக்கிட்டு ஓடுது. இதோட இயங்குதளம் ரொம்பப் பழசு. அடுத்த மாசத்துலேர்ந்து பேசுற செயலி இந்தப் பழைய தளத்துல வேலை செய்யாதாம். தினமும் எச்சரிக்கை வருதே, பார்க்கலையா?”

அப்பா கணினியில் தட்டினார். “வயசாயிடுச்சாம் மாப்ள. இதைச் சொன்னேன், என்னை இல்ல” என்றது அவர் குரல்.

மாமா சிரித்துக்கொண்டே கணினியைத் தன் பக்கம் இழுத்தார். முகப்பில் ‘அப்பா குரல்’ என்று எழுதிய சிறிய படம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்து இழுத்து, தான் கொண்டுவந்த கறுப்பு டிஸ்க்கில் போட்டார்.

“அவ்வளவுதான். காப்பி ஆச்சு.”

கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து, புதிய இயங்குதளம் இருந்த சிவப்பு பென் டிரைவைச் செருகினார். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். திரை நீலமாக மாறியது. அப்பாவின் செயலி, படங்கள், எழுத்துகள் எதுவுமே இப்போது தெரியவில்லை. அப்பா தன் சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மாமா, புதுசு உள்ள போனா பழசு எங்க போகும்?”

“எங்கயும் போகாது. துடைச்சிடுவோம். இதுல இடம் கம்மி. பழைய பெயிண்ட்டைச் சுரண்டாம புது பெயிண்ட் அடிச்சா நிக்குமா?”

“அப்ப அப்பாவோட குரல்?”

“அதான் காப்பி எடுத்துட்டேனே!”

திரையில் ஒரு வரி வந்தது: ‘இந்தக் கணினியில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடர, என்டர் பொத்தானை அழுத்தவும்.’

போன வருடம் பள்ளி நாடகத்தின் படங்களை ஆசிரியை காப்பி செய்து கொடுத்தது நச்சுவுக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்சம் படங்கள்தான். அதற்கே ஒரு வாழைப்பழத்தை உரித்து மெதுவாகத் தின்று முடிக்கும் நேரம் ஆனது. அப்பாவோ நாள்கணக்கில் பேசியிருக்கிறார். அது எப்படிக் கண் சிமிட்டுவதற்குள் முடியும்?

மாமாவின் விரல் என்டர் பொத்தானை நோக்கிப் போனது.

நச்சு சட்டென்று தன் உள்ளங்கையைப் பொத்தான்களின் மேல் குடைபோலக் கவிழ்த்தாள்.

“கையை எடு நச்சு! எனக்கு நேரமாச்சு.”

“காப்பியைத் திறந்து பார்த்துட்டு அழுத்துங்க மாமா.”

“காப்பின்னா காப்பிதான். அதை வேற திறந்து பார்க்கணுமா?”

“ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது?”

“இப்பல்லாம் வேகம் ஜாஸ்தி.”

“இந்தக் கம்ப்யூட்டர் நொண்டுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மாமாவின் முகம் சிவந்தது. முகம் சிவந்தது. “அத்தான், உங்க பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்” என்றார்.

டொக், டொக்.

அப்பா மேசையை இருமுறை தட்டினார். ஒரு தட்டு என்றால் ‘சரி’. இரண்டு தட்டு என்றால் ‘பொறு’. பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ‘அவள் கேட்பது நியாயம். பார்த்துவிடலாம்.’

மாடியில் ஒரு போட்டோ எடுக்கும் அக்கா இருந்தார். அவரிடம் பெரிய கணினி இருந்தது. நச்சு கறுப்பு டிஸ்க்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படியேறினாள். “சரிதான்னு தெரிஞ்சதும் நீ எனக்கு ஒரு சாரி சொல்லணும்” என்று முணுமுணுத்தபடி மாமாவும் பின்னாலேயே வந்தார். அப்பா படிக்கட்டின் அடியில் வந்து நின்று மேலே பார்த்தார்.

போட்டோ அக்கா டிஸ்க்கைச் செருகி, ‘அப்பா குரல்’ படத்தை இருமுறை சொடுக்கினார்.

‘கோப்பு கிடைக்கவில்லை.’

இன்னொரு முறை சொடுக்கினார்.

‘கோப்பு கிடைக்கவில்லை.’

“இதோ பாரு, ஓரத்துல சின்னதா ஒரு வளைஞ்ச அம்பு இருக்குல்ல?” என்று அக்கா திரையைக் காட்டினார். “இது குறுக்குவழிப் படம். வீட்டுக்கு வழி காட்டுற பலகை மாதிரி. பலகையைத்தான் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க. வீடு அங்கேயேதான் இருக்கு.”

மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

“அப்ப... நான் அழுத்தியிருந்தா?”

நச்சு படிகளில் தடதடவென்று இறங்கினாள். “அப்பா! குரல் இதுல இல்லப்பா! இன்னும் கம்ப்யூட்டர்லதான் இருக்கு!”

அப்பா திடுக்கிட்டு வீட்டுக்குள் திரும்பினார். நச்சுவும் அங்கே பார்த்தாள்.

உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த உருண்டை எழுந்து வந்துவிட்டான். நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறியிருந்தான். நீலத் திரை அவன் கன்னத்தில் மின்னியது. அவனுடைய குட்டி விரல் ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக்கொண்டே போனது. ஓரத்தில் பெரிதாக இருந்த என்டர் பொத்தானை அவன் கண்கள் கண்டுபிடித்துவிட்டன. விரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. இன்னும் அழுத்தவில்லை.

அப்பா வாயைத் திறந்தார். ஒரு ரயில் நிலையம் முழுவதையும் நிற்கவைத்த வாய் அது. இப்போது அதிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

பின்னால் வந்த மாமா, “டே...” என்று ஆரம்பித்தார்.

நச்சு எகிறி அவர் வாயைப் பொத்தினாள்.

கத்தக் கூடாது. உருண்டையைப் பற்றி அவளுக்குத் தெரியும். பயந்துவிட்டால் கையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அமுக்கிவிடுவான். முன்பு ஒருநாள் அம்மா அதட்டியபோது, அவன் கையில் பற்பசை இருந்தது. கண்ணாடியைத் துடைக்கச் சாயங்காலம் வரை ஆனது.

நச்சு குரலை விளையாட்டுக்குக் கூப்பிடுவதுபோல் ஆக்கிக்கொண்டாள்.

“உருண்டை, உன் மூக்குல ஒரு பொத்தான் இருக்கே, தெரியுமா?”

உருண்டை திரும்பிப் பார்த்தான். விரல் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

“எங்க?”

“நுனியில. அதை அழுத்தினா பீப்னு சத்தம் வருமாம். வருதான்னு பாரேன்.”

உருண்டை யோசித்தான். பிறகு விரலை மெதுவாகத் தூக்கித் தன் மூக்கின் நுனியில் வைத்து அழுத்தினான்.

“பீப்!” என்றாள் நச்சு.

அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். “மறுபடி!”

“பீப்! பீப்!” என்று சொல்லிக்கொண்டே நச்சு அடிமேல் அடி வைத்து அருகில் போனாள். இரண்டு கைகளாலும் அவனை அள்ளி எடுத்துக்கொண்டாள். அவன் நல்ல கனம். இருந்தாலும் கீழே விடவில்லை.

அப்பா வந்து இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

மாமா பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியைத் திரும்பப் போட்டார். இந்த முறை அவர் கையில் அவசரமே இல்லை. பழைய கணினி முனகியது, யோசித்தது, வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பழைய முகப்பு வந்தபோதுதான் மாமா தன் நெற்றியைத் துடைத்தார்.

போட்டோ அக்காவும் இறங்கி வந்திருந்தார். அந்த அம்புப் படம் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று தேடிப் பார்த்தார்கள். கணினியின் ஒரு மூலையில், பெயரே புரியாத ஒரு பெட்டிக்குள், ஆயிரக்கணக்கான பதிவுகள் வரிசையாக இருந்தன. அதை அப்படியே காப்பி செய்யப் போட்டார்கள்.

இப்போது கண் சிமிட்டுவதற்குள் முடியவில்லை. உருண்டை பால் குடித்தான். வீடு முழுக்கக் கார் ஓட்டினான். மாமா தன் செருப்புகளை நேராக எடுத்துவைத்துவிட்டு வந்தார். அப்போதும் முடியவில்லை.

முடிந்ததும் மாமாவே டிஸ்க்கை எடுத்து நச்சுவிடம் நீட்டினார். “வா, திறந்து பார்த்துட்டு வரலாம்.”

மாடிக் கணினியில் அக்கா ஏதோ ஒரு பதிவைச் சொடுக்கினார்.

“இன்று வானம் மேகமூட்டத்துடன்...” என்று ஆரம்பித்த அப்பாவின் குரல் பாதியில் நின்றது. ஏதோ உருளும் சத்தம் கேட்டது. “ஐயோ நச்சு! கதவைச் சாத்தும்மா, அப்பா பதிவு பண்றேன்ல!” உடனே ஒரு சிரிப்பு. தொண்டையிலிருந்து பொங்கி வருகிற, கணினியால் செய்துகாட்ட முடியாத, அப்பாவின் நிஜமான சிரிப்பு.

நச்சு அசையாமல் நின்றாள். அப்பாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள்.

“இன்னொரு தடவை போடவா?” என்று போட்டோ அக்கா கேட்டார். நச்சு தலையாட்டினாள்.

கீழே வந்ததும் மாமா பென் டிரைவைச் செருகினார். மறுபடியும் அந்த நீலத் திரை, அதே வரி. மாமா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு நச்சுவைப் பார்த்தார்.

“அழுத்தட்டுமா?”

“இப்ப அழுத்துங்க.”

“இனிமே நான் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உன்னைக் கேட்டுட்டுத்தான்.”

“லிஃப்ட் பொத்தானையுமா?”

மாமா சிரித்தார். பிறகு அழுத்தினார்.

அரை மணி நேர வேலை பொழுது சாயும்வரை நடந்தது. புதிய தளம் ஏறியது. பேசும் செயலியை ஏற்றினார்கள். அப்பா முன்னால் நகர்ந்து ஒரு சொல்லைத் தட்டினார்.

“வணக்கம்” என்றது கணினி.

அது அப்பா இல்லை. யாரோ ஒரு பெண், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோல இருந்தது.

தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்த உருண்டை பயந்துபோய் நச்சுவின் காலைக் கட்டிக்கொண்டான். “அது யாரு? வேணாம். போகச் சொல்லு.”

அப்பாவின் கை பொத்தான்களின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

“பொறுங்க அத்தான், பொறுங்க” என்றார் மாமா. “செயலிக்கு உங்க குரல் எங்க இருக்குன்னு இன்னும் சொல்லல. நச்சு, அந்த டிஸ்க்.”

நச்சு அதைத் தன் பாவாடைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெட்டி திறந்தது. பதிவுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. திரையில் இருந்த பச்சைக் கோடு நத்தைபோல நகர்ந்து மறுமுனையைத் தொட்டது.

உருண்டை மெல்லக் காலை விட்டுவிட்டுத் தன் காரிடம் திரும்பிப் போனான். அதன் சக்கரம் ஒன்று நாற்காலிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவனுக்கு இப்போது பெரிய கவலை.

அப்பா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். ஒரே ஒரு சொல்.

“உருண்டை!” என்று அறை நிறைய ஒலித்தது அப்பாவின் குரல்.

உருண்டை தலையைக்கூடத் தூக்கவில்லை. சக்கரத்தை இழுத்துக்கொண்டே, “என்னப்பா?” என்றான்.