உப்புக் கரித்த பழம்

மித்தெக் மாமா நெடுநெடுவென்று வளர்ந்தவர். பத்து வயதுச் சிறுமி நுகாவை அவர் “அப்பா” என்றுதான் கூப்பிடுவார்.

அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. மாமாவின் அப்பா பெயரும் நுகாதான். அவர் இறந்த வருடம் இவள் பிறந்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி, பெயர் திரும்பி வந்தால் ஆளும் திரும்பி வந்த மாதிரி. அதனால் வீட்டில் கடல்நாய்க் கறி வெந்தால் முதல் துண்டு அவளுக்குத்தான். அவளும் மாமாவை “மகனே” என்பாள்.

இந்தப் பயணத்தில் மட்டும் அது கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். டென்மார்க்கிலிருந்து விருந்தாளிகள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களைக் கயாக் எனும் ஒடுக்கமான துடுப்புப் படகுகளில் பனியாற்றுப் பக்கம் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைப்பது அவருடைய வேலை. வழிகாட்டியை ஒரு சிறுமி “மகனே” என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

“சொன்ன பேச்சைக் கேட்டா அடுத்த கோடைக்கும் வரலாம். இல்லேன்னா வீட்ல உக்காந்து மீன் காயவை” என்றார்.

நுகாவுக்கு அடுத்த கோடையும் வேண்டும். அதனால் இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் துடுப்புப் போட்டாள். திமிங்கிலம் முதுகு காட்டியபோதுகூட விரலால்தான் சுட்டிக் காட்டினாள்.

அன்று மாலை ஒரு கூழாங்கல் கரையில் ஒதுங்கினார்கள். எதிரே பனியாறு நீலப் பனிச் சுவராகக் கடலில் இறங்கி நின்றது. எல்லோருக்கும் தோள் வலி. விருந்தாளிகளில் ஒருவரான பிரேபன் என்ற பல் மருத்துவர் உடனே தன் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நுகா பழம் பறிக்கப் போனாள். கரைக்கு மேலே, புல் தொடங்கும் இடத்தில், தரையோடு படர்ந்த செடிகளில் கறுப்புப் பழங்கள் நிறைய இருந்தன. ஒன்றை வாயில் போட்டாள்.

உப்புக் கரித்தது.

இன்னொன்றையும் போட்டாள். இலையை நக்கிப் பார்த்தாள். அதுவும் உப்பு. திரும்பிக் கடலைப் பார்த்தாள். கடல் எவ்வளவு ஏறினாலும் பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோடு வரைதான் வரும். அந்தக் கோடோ வெகு கீழே இருந்தது. முந்தாநாள் நல்ல மழை. பழைய உப்பாக இருந்தால் கழுவிப் போயிருக்கும்.

ஓடிவந்து மாமாவிடம் சொன்னாள். பனியாறு உடைந்து விழுந்து, பெரிய அலை அதுவரை ஏறியிருக்கிறது. செடிகளுக்கும் மேலே இருக்கும் மேட்டில்தான் தங்க வேண்டும் என்றாள்.

பிரேபன் சிரித்தார். “பழத்துக்கு உப்புப் போட்டது யாரு? கடல்நாயா?”

மேட்டில் கொசு அதிகம். ஏறுவதும் கஷ்டம். மாமா தலையைச் சொறிந்தார்.

“எங்கப்பா காலம் பூரா இந்தக் கரையிலதான் கூடாரம் போட்டார். ஒண்ணும் ஆனதில்ல. போய் முளைக்குச்சியை எடுத்துட்டு வா, நுகா.”

நுகா குச்சியை எடுக்கவில்லை. தன் கயாக்கின் மூக்கைப் பிடித்து மேட்டுக்கு இழுக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கியது. பாதியில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள். மேலே போய்ச் சேர்ந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“கீழ வா” என்றார் மாமா.

“மாட்டேன்.”

“அடுத்த கோடை ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. அழுகை முட்டியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“இது எங்கப்பா தங்கின இடம்...”

“உங்கப்பா மனசை மாத்திக்கிட்டார், மகனே.”

யார் யாருக்கு மகன் என்று பிரேபன் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டார்.

மாமா பழச்செடிகள் வரை ஏறினார். குனிந்து ஒரு பழத்தைப் பறித்து மென்றார். இன்னொன்றையும் மென்றார். பிறகு பனியாற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கிப் போய் முதல் கூடார மூட்டையைத் தோளில் தூக்கினார்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் சாமான்களையும் கயாக்குகளையும் மேலே கொண்டுவந்தார்கள். பிரேபன் நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. சூப் குடித்துவிட்டுத் திரும்பப் போய் உட்காரப் போகிறாராம்.

சூப் பாதி குடிப்பதற்குள் இடி இடித்த மாதிரி சத்தம். நீலச் சுவரில் பாதி சரிந்து கடலில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கரையோரத் தண்ணீர் உள்வாங்கியது. அடுத்து வந்த அலை கூழாங்கற்களை உருட்டி, பாசிக் கோட்டைத் தாண்டி, பழச்செடிகள் வரை ஏறி நின்றது.

பிரேபனின் சூப் ஆறிப்போனது.

காலையில் நாற்காலி பழச்செடிகளுக்கு நடுவே தலைகீழாகக் கிடந்தது. அவர் அதை நிமிர்த்தி, ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்தார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார். கடல்நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாமா நுகாவைத் துடுப்போடு நிற்கவைத்து, கையை மேலே தூக்கச் சொன்னார். அவள் விரல்கள் துடுப்பின் நுனியைத் தாண்டி நின்றன.

“இது குட்டையாயிடுச்சு. அடுத்த கோடைக்குப் புதுசு ஒண்ணு செதுக்கணும், அப்பா” என்றார்.

எல்லோரும் கேட்கும்படி நுகா சொன்னாள்: “சரி, மகனே.”