ஈ மொய்க்காத கொட்டகை

பிள்ளைக் கொட்டகையில் ஒரு ஈகூட இல்லை. ஆம்பூரில் ஈ இல்லாத இடம் என்று ஒன்று இருக்க முடியுமா? சோற்றுத் தட்டில், தூங்குகிறவன் கடைவாயில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வைத்த பட்சணத்தில் என்று ஊரே ஈயின் ராஜ்ஜியம். தோல் கம்பெனியின் பின்பக்கம் புதிதாக எழுப்பிய அந்த ஓட்டுக் கொட்டகைக்குள் நுழைய மட்டும் அவற்றுக்கு மனமில்லை போலிருக்கிறது. பூரணி அதைக் கவனித்தாள். கவனித்துச் சந்தோஷப்பட்டாள், அதுதான் கொடுமை.

ஆறு மாதக் கைக்குழந்தையை எங்கே விடுவது என்பதுதான் அவள் கவலை. உடனே வேலைக்குத் திரும்பாவிட்டால் கம்பெனியில் தோலின் மயிர் வழிக்கும் கட்டையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று மேஸ்திரி கன்னியப்பன் சொல்லியனுப்பிவிட்டார். புருஷன் சம்பத் நெஞ்சு நோயோடு படுத்த படுக்கை. பக்கத்துத் தெரு வஜீதா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டு முதலில் அங்கே போனாள். மூத்திரத் துணி, புளித்த பால், ஆட்டுப் புழுக்கை எல்லாம் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. இடுப்பில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக வஜீதா சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னாள். பூரணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

சர்க்கார் சட்டம் போட்டதால் முதலாளி கட்டிய இந்தக் கொட்டகையோ கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வெள்ளையடித்த சுவர், ஈரத் தரை, வரிசையாகத் தூளிகள். நாற்றம் துளியும் இல்லை. காவலுக்கு இருந்த செல்லம்மாள் முன்பு தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவள். நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதை. தானே நாள் தவறாமல் குளிப்பாட்டுவதாகவும் பிள்ளைகள் அழுவதே இல்லை என்றும் சொன்னாள். பூரணி அப்போதே குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

குழந்தை கொழுகொழுவென்று ஆனது. மணிக்கட்டு மடிப்புகூட மறைந்துவிட்டது. யார் கண்ணும் படக்கூடாது என்று பூரணி கன்னத்தில் மைப் பொட்டு வைத்தாள். அது நிற்காமல் வழுக்கியது.

அண்ணன் சம்பத்தைப் பார்க்க அணைக்கட்டு ஊரிலிருந்து கமலவேணி வந்தாள். ஆசையாகக் குழந்தையை வாரி எடுத்தவள், கழுத்தில் முகம் புதைத்த மறுகணமே பாயில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். சாக்கடையோரம் குனிந்து காலையில் தின்றதையெல்லாம் கக்கினாள்.

"அண்ணி, உங்க ஊரு நாறும், உங்க மேல நாறும், எனக்கு அது புதுசில்ல" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "இது அப்டி இல்ல. ஊறப்போட்ட தோல் வாடை. கொழந்தைக்கு உள்ளேர்ந்து வருது."

பூரணி குழந்தையின் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. பால் வாசனைகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டையில் நின்ற இத்தனை வருஷத்தில் தோல் நாற்றம் அவள் மூக்குக்குச் செத்துப்போய்விட்டது. மற்ற நாற்றமெல்லாம் தெரியும், அது ஒன்று மட்டும் தெரியாது. வஜீதா வீட்டில் அடித்தது மனித நாற்றம். கொட்டகையில் எதுவும் அடிக்கவில்லை என்றால் அங்கே இருந்தது எது? தன் மூக்கை நம்பிப் பிள்ளையைக் கொடுத்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

இனி அங்கே விடுவதில்லை என்று கமலவேணியிடம் சத்தியம் செய்தாள். மறுநாள் காலை நாத்தனார் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில், வழக்கம்போல் பிள்ளையை வாங்கிப்போக வந்த செல்லம்மாளிடம் விவரம் தெரியாத சம்பத் கொடுத்துவிட்டான். ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பிய பூரணி காலித் தூளியைப் பார்த்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம். மெதுவாக. நிற்காமல். தள்ளித் திறந்தாள்.

பிள்ளைகள் ஈரத் தரையில் குப்புறக் கிடந்தார்கள். வரிசையாக. வெள்ளையாக, உப்பி. ஒன்றுகூட அழவில்லை. செல்லம்மாள் குந்தியபடியே நகர்ந்து ஒவ்வொரு பின்னந்தலையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தள்ளினாள். பூரணிக்கு அது தெரிந்த வேலை. தொட்டியில் ஊறிய தோலை அப்படித்தான் சோதிப்பார்கள். மயிர் வழுக்கி வந்தால் பதம். வராவிட்டால் மறுபடி தொட்டி.

"இன்னாத்துக்கு ஓடியார? உன்னுது இன்னும் கொஞ்சம் ஊறணும்" என்றாள் செல்லம்மாள், தலை நிமிராமல்.

பூரணி தன் குழந்தையை வாரி மார்போடு அணைத்தாள். சில்லென்றிருந்தது. கனத்தது. பிடிக்குள் நிற்காமல் வழுக்கியது. அருவருப்பில் கை தானாக விலகப் பார்த்தது. பெற்ற பிள்ளையைத் தொட அருவருக்கிறதே என்று அழுகை வந்தது. விழாமலிருக்கத் தலையை இறுக்கிப் பிடித்தாள். பழகிய கை. கட்டைவிரல் அழுந்தியது. தள்ளியது.

கருகருவென்ற முடி மொத்தமும் ஈரக் கற்றையாகப் புருவம் வரை வழிந்து இறங்கியது. அடியில் வெள்ளை. ரத்தம் இல்லை.

"அட, வந்துட்ச்சே" என்று செல்லம்மாள் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை பொக்கை வாய் திறந்து சிரித்துக்கொண்டே அவளிடம் தாவியது.