இரண்டு தட்டு

மூன்று சக்கரங்கள் வழுக்கின, நான்காவது வழுக்கவில்லை. பாலாற்று முகத்துவாரத்துச் சேறு அப்படி எதையும் சும்மா விடுகிற சேறு அல்ல. மழை விட்ட சாயங்காலம், உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருக்க, தீனதயாளன் வண்டியின் முகப்பிலிருந்த கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று சக்கரங்களுக்கு மஞ்சள். பின்பக்க இடது சக்கரம் மட்டும் பச்சை. எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறைமலைநகர்க் கம்பெனி ஒன்றின் சோதனை ஓட்டுநர் அவன். இந்த வண்டியில் ஒரு சுவிட்ச் உண்டு. போட்டுவிட்டால் மிதிக்கவே வேண்டாம். வழுக்குகிற சக்கரத்தைத் தானே அடக்கி, பிடிப்புள்ள சக்கரத்துக்கு இழுவையைக் கொடுத்து, நடை வேகத்தில் ஊர்ந்து வெளியே வந்துவிடும். ஆள் கீழே இறங்கினால் மட்டும் அணைத்துவிட வேண்டும். நாற்பது நாளுக்கு முன்பு இதே இடத்தில், கூட்டாளி ஸ்டான்லி சக்கரத்தடியில் பனையோலை வைக்கக் குனிந்தபோது, தீனதயாளன் அணைக்க மறந்தான். 'அணைத்துத்தான் இருந்தேன், வண்டி தானாக வழுக்கி அவன்மேல் ஏறிவிட்டது' என்று எல்லோரிடமும் சாதித்தான்.

பக்கத்து இருக்கையில் ஸ்டான்லியின் மனைவி ஹெலன், மடியில் மெழுகுவர்த்தி. செத்த இடத்தில் ஏற்ற வேண்டுமாம். அவன்தான் கூட்டிவந்திருந்தான்.

பின்னால் யாரோ வண்டியைத் தட்டினார்கள். தட், தட்.

ஓலை வைத்து முடித்ததும் ஸ்டான்லி அப்படித்தான் தட்டுவான். போகலாம் என்று அர்த்தம்.

"இன்னாண்ணா, அவரு தட்ற மாதிரியே கீது?" வளையல் குலுங்க ஹெலன் கதவில் கை வைத்தாள். "நான் எறங்கிப் பாக்குறேன். சுச்சு ஆஃப்ல தான கீது?"

சுவிட்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அணைக்க மறக்கிற ஆள் என்று தெரிந்துவிடும். அவள் இறங்குவதற்குள் அணைத்துவிடலாம்.

"ஆஃப்ல தாம்மா கீது."

இறங்கிப் பின்பக்க இடது சக்கரத்தருகே போய்க் குனிந்தாள். அமுக்கினான். சுவிட்ச் அணையவில்லை. மறுபடி அமுக்கினான். பிரேக்கை மிதித்தான். முழுசாக மிதித்தான்.

"ஹெலன்! வந்துடும்மா!"

வண்டி ஊர்ந்தது. நிதானமாக. பின்பக்க இடது மூலை மெத்தென்று உயர்ந்தது. அன்றைக்கு உயர்ந்த அதே அளவு.

இறங்கியது.

நான்கும் பச்சை.

பிறகு தட்டினார்கள். தட், தட். தட், தட்.

முதல் இரண்டும் கனத்த கை. அடுத்த இரண்டில் வளையல் சத்தம் இருந்தது.