கில்வாரா கதவுக்கு மாற்று ஆள்

பிற்பகல் மூன்று மணிக்கு இஷ்பெல் தன் வேனை கில்வாரா தீவின் பழைய கல்லறைத் தோட்டத்துக் கதவருகே நிறுத்தினாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. பாசி வாடையோடு ஏதோ வீட்டு அடுப்புப் புகையும் சேர்ந்து அடித்தது. கதவிலிருந்து பன்னிரண்டு அடி அளந்து கேமராவின் முக்காலியை நிறுத்தினாள். இந்தக் கதவை முன்பு படம் எடுத்தவர்கள் எல்லோருமே ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பாகவும் இருக்கலாம்.

வேனுக்குள் மர்டோ மெக்கைவர் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தைந்து. டாக்டர் சொன்ன கெடு முடிந்து பத்து நாளாகிவிட்டது.

"நீங்க உள்ளேயே இருங்க மர்டோ. காத்து எலும்பைக் குத்துது."

"போஸ்ட்மேன் டோனல்டு பொண்ணே, சாகப் போறவனுக்குச் சளி பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?"

இறங்கிவிட்டார். இஷ்பெல் தன் மஞ்சள் கம்பளித் துண்டைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

ஊர்க்கூடத்தில் வருகிற சனிக்கிழமை உள்ளூர் வரலாற்றைப் படங்களாகக் காட்டுவதாக ஏற்பாடு. தீவுக்கு வந்துபோனவர்கள் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் கேட்டு இஷ்பெல் கடிதம் எழுதியிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு வந்தன. அவற்றை வருடவாரியாக அடுக்கினாள். ஐந்தில் இந்தக் கதவு இருந்தது: 1964, 1979, 1991, 2006, 2022. அனுப்பிய ஐந்து பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

ஐந்திலும் கதவின் இடப்பக்கம் ஒரு சிறுமி நின்றாள். கறுப்புக் கோட்டு. இடது காலுறை கணுக்காலுக்குச் சரிந்திருந்தது.

முதலில் ஃபிலிமில் விழுந்த கறை என்று நினைத்தாள். பிறகு தன் கண்ணைச் சந்தேகித்தாள். கடைசியில் படங்களை மர்டோவிடம் கொண்டுபோனாள். அவர் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"அந்தக் காலுறை நிக்கவே நிக்காது," என்றார் அப்புறம். "அம்மா எத்தனை தடவை எலாஸ்டிக் தச்சாலும் இழுத்துப் பிச்சுடுவா. பெகி. என் தங்கச்சி."

கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் காவல் நிற்க வேண்டும். அடுத்த சவம் வந்து மாற்றும் வரை நகரக் கூடாது. இது தீவில் எல்லோருக்கும் தெரிந்தது. 1958இல் ஒரே நாளில் இரண்டு சவ ஊர்வலங்கள் வந்தன. ஒன்று கடைக்காரர் ஆங்கஸ் கிழவருடையது. மற்றது காய்ச்சலில் போன ஏழு வயது பெகியுடையது. பின்னால் வெள்ளைச் சவப்பெட்டி வருவதைப் பார்த்ததும் ஆங்கஸின் பிள்ளைகள் தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி முதலில் உள்ளே நுழைந்துவிட்டார்கள். கிழவருக்குக் காவல் வேலை வேண்டாமாம். அடுத்த வாரமே, இடம் நிரம்பிவிட்டதென்று தோட்டத்தை மூடினார்கள். புதியது மலைக்கு அந்தப் பக்கம் திறந்தது.

அதற்குப் பிறகு இங்கே யாரும் வரவில்லை. மாற்று ஆளே இல்லை.

மர்டோ தன்னை இங்கேயே புதைக்கும்படி மூன்று முறை மனுப் போட்டார். மூன்று முறையும் முடியாதென்று பதில் வந்தது.

இஷ்பெல் கேமராவை ஓடவிட்டாள். கண்ணுக்கு வெறும் இரும்புக் கதவு. ஈரக் கல்தூண்கள்.

திரையைப் பார்த்தாள்.

பெகி நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்காளா?" மர்டோ கிசுகிசுத்தார்.

"இருக்கா."

"எப்படி இருக்கா?"

"களைச்சுப் போய்."

அவர் கதவை நோக்கி நடந்தார். இஷ்பெல் தடுக்க நினைப்பதற்குள் பாதி தூரம் போயிருந்தார். கடலின் சத்தம் நின்றுபோயிருந்தது. கொஞ்சம் முன்புவரை கத்திக்கொண்டிருந்த ஆடுகளின் சத்தமும் இல்லை.

மர்டோ இடப்பக்கத் தூணருகே போய், சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நீ போம்மா," என்றார், பக்கத்துக் காற்றிடம். "அண்ணன் பாத்துக்கறேன்."

திரையில் சிறுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு திறக்காத கதவின் வழியே உள்ளே நடந்து, கல்லறைக் கற்களுக்கிடையே மறைந்தாள்.

மூடுபனி கதவைத் தொட்டது. மர்டோ அசையவில்லை.

"வாங்க, போகலாம்."

"காவலை விட்டுட்டு எப்படி வர்றது? எனக்கு மாத்து ஆள் யாரு?"

அவர் உதடு நீலமாகிவிட்டிருந்தது. குளிரிலேயே இங்கே செத்துவிடுவாரோ என்ற பயத்தில் இஷ்பெல் எதையும் யோசிக்கவில்லை.

"நான் வந்து மாத்தி விடறேன். போதுமா? இப்ப வண்டில ஏறுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வாசலில் நின்றுகொண்டு விளையாட்டுக்குக்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை. மர்டோ துண்டை இறுக்கிக்கொண்டார். சிரித்தார். வந்து ஏறிக்கொண்டார்.

வியாழக்கிழமை இறந்துபோனார். கிளாஸ்கோவிலிருந்து மகன் வந்து, வெள்ளிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் புதைத்தான். மஞ்சள் துண்டு அவர் கழுத்திலேயே இருந்தது. கழற்றவே விடவில்லையாம்.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். டீ, வெண்ணெய் பிஸ்கட், ஈரக் கோட்டுகளின் வாடை. ஆடுகளின் படத்துக்குச் சிரித்தார்கள். படகுத்துறைப் படத்தில், "என் புருஷன் தலையில அன்னிக்கு முடி இருந்திருக்கு பாரு," என்றாள் ஒருத்தி. இஷ்பெல்லுக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு 1964 வந்தது.

கதவருகே சிறுமி இல்லை.

தொப்பி போட்ட கிழவர் ஒருவர் நின்றிருந்தார்.

கூடத்தில் சிரிப்பு அடங்கியது. 1979. அதே கிழவர். 1991. கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். அவர் கழுத்துத் துண்டு மட்டும் மஞ்சள்.

2006இல் துண்டு கழுத்தில் இல்லை, கையில் இருந்தது.

2022இல் அந்தக் கையை நீட்டியிருந்தார். படம் எடுப்பவரிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

"அது மர்டோதானே?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

கருவியை அணைக்க இஷ்பெல் கை நீட்டுவதற்குள் கடைசி வீடியோ தொடங்கிவிட்டது. அவளே எடுத்தது. முந்தின இரவு அதிலிருந்து ஒலியை முழுக்க நீக்கியிருந்தாள். இரண்டு முறை சரிபார்த்தும் இருந்தாள்.

ஈரக் கதவு. மூடுபனி. ஆள் யாருமில்லை.

ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. "நான் வந்து மாத்தி விடறேன். போதுமா?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது. அப்புறம், அன்றைக்கு அவர் கேட்காத கேள்வி, மிகவும் பொறுமையாக.

"எப்போ?"