ஹீட்டர் லைட் அணையும் வரை

புரோக்கர் சாவியைத் திருகியதும் வண்டி உடனே கிளம்பவில்லை. மீட்டருக்கு நடுவில், சுருட்டிவைத்த கம்பி மாதிரி ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது.

"டீசல்ல இப்படித்தான் மேடம். ஹீட்டர் லைட். அது அணைஞ்ச பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்."

பழைய கார் விற்கும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஒரு சத்தமும் இல்லாத மூன்று விநாடி. பின்கதவை ஒட்டி நின்றிருந்த அவளுக்கு, கண்ணாடியை யாரோ நகத்தால் சுரண்டுவது கேட்டது. மெதுவாக. உள்ளேயிருந்து.

குனிந்து பார்த்தாள். காலி சீட். அதற்குள் விளக்கு அணைந்து, என்ஜின் கடகடவென்று பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

அவள் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. ஒரு லேப்பிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது அவள் வேலை. 'இந்தப் பொண்ணு குத்துனா வலிக்கறதே தெரியாது' என்று வயதானவர்கள் அவளையே அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். புறநகர் வீடுகளும் அவள் தலையில் விழுந்தபிறகு ஸ்கூட்டர் தாங்கவில்லை. அதனால்தான் கார்.

கொட்டகையில் அவள் வசதிக்குள் அடங்குகிற வண்டிகள் இரண்டே. ஒன்று சிவப்பு பெட்ரோல். பம்பரில் கீறல், சீட்டில் கிழிசல், நிறைய ஓடிய வண்டி. ஆனால் சாவியைத் தொட்டதுமே பூனை மாதிரி முனகிக்கொண்டு கிளம்பியது. மற்றது இந்தச் சாம்பல் நிற டீசல். ஆறு வருடத்தில் பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

"எனக்கு அந்த பெட்ரோலே போதும்ணா" என்றாள்.

துணைக்கு வந்திருந்த அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயரே 'புகை'. பெட்ரோல் வண்டியை அவன் பொம்மை என்றுதான் சொல்வான்.

"தினம் எழுபது கிலோமீட்டர் ஓட்டப்போறவ பெட்ரோல் வாங்குவாளா? பதினோராயிரம்தான் ஓடியிருக்கு, புத்தம் புதுசு மாதிரி. லாட்டரி அடிச்சிருக்குடி உனக்கு."

"டீசல் வாங்குனவங்க ஏன்ணா ஓட்டாம வெச்சிருந்தாங்க?"

அண்ணன் புரோக்கரைப் பார்த்தான். புரோக்கர் டயரைப் பார்த்தான்.

"வெளியூர் போயிட்டாங்க மேடம்."

டீசலையே வாங்கினார்கள்.

அவள் கணவன் கப்பலில் சமையல்காரன். வருடத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவான். ஆறு வயது மகளுக்கு, பொடிசுக்கு, அப்போது பள்ளி விடுமுறை. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் அவளும் பின் சீட்டில் ஏறிக்கொண்டு அம்மாவோடு சுற்றினாள். முதல் வாரம் இருவருக்கும் கொண்டாட்டம்தான். வண்டி யானை மாதிரி இழுத்தது. டீசல் முள் இறங்கவே இல்லை.

ஆனால் அந்த விளக்கு.

ரத்தம் எடுக்கிறவளுக்கு விநாடி எண்ணுவது கைப்பழக்கம். நோயாளியின் கையில் கட்டிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்தாக வேண்டும். அப்படித்தான் இதையும் எண்ணத் தொடங்கினாள். முதலில் மூன்று. பிறகு ஐந்து. பத்து நாளில் ஒன்பது. அந்த நேரம் மட்டும் வண்டிக்குள் ஓர் அமைதி வந்து உட்காரும். தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மங்கிவிடும். வெயிலில் வெந்த பிளாஸ்டிக்கும், புளித்த வியர்வையும், நாள்பட்டுக் காய்ந்த பாலும் கலந்த ஒரு நாற்றம் பின்னாலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து அவள் பிடரியில் படியும். அப்புறம் சுரண்டல். முதலில் ஒரு விரல். சில நாள் கழித்து ஐந்து விரலும்.

அண்ணன் வந்து பார்த்தான். ஹீட்டர் பிளக் நான்கையும் புதிதாக மாற்றினான்.

"குளிருக்கு இப்படித்தான் இழுக்கும்" என்றான்.

"இது கோடைண்ணா."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் சாவியைத் திருகியபோது விளக்கு உடனே அணைந்திருந்தது.

பொடிசு எப்போதும் இடது கதவோடு ஒட்டி உட்கார ஆரம்பித்தாள். நடுவில் தாராளமாக இடம் விட்டு. ஏன் என்று கேட்டதற்கு, "அவ காலை நீட்டுவாம்மா" என்றாள், ஏதோ வகுப்புத் தோழியைச் சொல்வதுபோல. குழந்தைகள் இப்படிக் கற்பனையாக ஆள் சேர்த்துக்கொள்ளும் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று மாலை தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தபோது அது காலியாக இருந்தது.

"முழுசும் குடிச்சிட்டியா? சமத்து."

"நான் குடிக்கவே இல்லம்மா. எனக்குத் தாகமா இருக்கு."

குழந்தையின் உதடு வெடித்திருந்தது.

அன்றைக்கே வண்டியை விற்றிருக்கலாம். அடுத்த சில நாள் ஆட்டோவில்கூடப் போயிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை எட்டு வீட்டில் வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் சாவியைத் திருகினாள். இருபத்திரண்டு விநாடி.

எட்டு வீடும் முடிந்தபோது உச்சிவெயில். சர்வீஸ் புத்தகத்தில் பழைய சொந்தக்காரியின் நம்பர் இருந்தது. மகள் காதில் விழ வேண்டாம் என்று, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, இருபதடி தள்ளி ஒரு மதில் நிழலில் நின்று பேசினாள். வண்டி நம்பரைச் சொன்னாள்.

"லைட் அணைய எவ்வளவு நேரம் ஆகுது?" என்றது ஒரு பெண் குரல்.

"இன்னிக்கு இருபத்திரண்டு."

"எனக்கு நாப்பது வரைக்கும் போச்சு. குழந்தை இருக்கா உங்களுக்கு?"

"ஒரு பொண்ணு."

"புரோக்கர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. குழந்தை இருக்கற வீட்டுக்குக் குடுக்காதேன்னு. சரி சரின்னு தலையாட்டுனானே." பிறகு மிகவும் தணிந்து, "தண்ணி கேக்குதா?"

"என் பொண்ணு குடுக்கறா."

"ஐயோ. குடுத்தா விடாதுங்க. என் பையனும் குடுத்தான். அவனையும் விடல."

"இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ரெண்டு மாசமா என் வீட்ல சத்தமே இல்ல. ராத்திரி தூங்கறேன். தயவுசெஞ்சு வண்டியை இங்க திருப்பிக் கொண்டுவந்துடாதீங்க." போன் வைக்கப்பட்டது.

அவள் திரும்பினாள்.

கண்ணாடி நான்கும் ஏறியிருந்தன.

சாவி கையில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. சாவியைத் துவாரத்தில் சொருகித் திருகினாள். அசையவில்லை. கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு சின்ன உள்ளங்கை. பிறகு அதன்மேல் இன்னொன்று, கொஞ்சம் பெரியது.

"பொடிசு! கதவைத் திற! பொடிசு!"

சுரண்டல். வேகமாக. மிக வேகமாக. பிறகு நின்றது.

கல் ஒன்று கிடந்தது. மூன்றாவது அடியில் கண்ணாடி உடைந்தது. சூளையைத் திறந்ததுபோல் வெப்பம் முகத்தில் அறைந்தது. கையை உள்ளே விட்டாள். கண்ணாடி முழங்கை வரை கிழித்தது. குழந்தையின் சட்டை அகப்பட்டது. இழுத்தாள்.

வெளியே வந்தாள் பொடிசு. போன் பேசத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் கன்னம் ஒட்டி, தோல் காகிதமாக உலர்ந்து, பல நாள் கிடந்தவள்போல் இருந்தாள். மகளின் கையைத் தூக்கிப் பார்த்தாள் அவள். ஆயிரம் பேருக்கு நாடி பிடித்துப் பழகிய இடத்தில் விரலை வைத்தாள். மணிக்கட்டு. முழங்கை மடிப்பு. கழுத்து.

எண்ணினாள். அறுபது வரை எண்ணினாள்.

ஒன்றுமில்லை.

மடியில் மகளைப் போட்டுக்கொண்டு அவள் சுடும் தரையில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாருமில்லை.

அப்போது, உடைந்த ஜன்னலுக்குள்ளேயிருந்து, பின் சீட்டின் நடுவிலிருந்து, அவள் பெற்ற பெண்ணின் குரல், அதே கொஞ்சலோடு, கொஞ்சம் வறண்டு, கேட்டது:

"அம்மா, என்னை ஏம்மா உள்ளயே விட்டுட்டே?"