முகத்துக்கு நேரே சொல்லும்வரை

கதவு தட்டப்பட்ட விதம்தான் ஹேலிக்குப் பிடிக்கவில்லை. மூன்று தட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி, அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. பிறகு வெளிப்படியின் பலகையில் காலணிகள் இரண்டு அடி பின்வாங்கும் சத்தம். கதவைத் திறக்கிறவர் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிப் பின்வாங்கி, முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இது ஹேலிக்கு நன்றாகத் தெரியும். ஊழியத்துக்குக் கிளம்புமுன் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த தட்டு அது. அவளும் அப்படித்தான் தட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. நார்வேயின் வடகோடியில் டிசம்பர் மூன்று மணி என்றால் கும்மிருட்டு. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி பாதியில்தான் திரும்பும். அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது, கண்ணாடியெல்லாம் ஆவி. அவளோடு ஊழியம் செய்யும் ரூத் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். யாரும் இல்லை. மாடிப்படியின் மேல்தட்டில், காலையில் பெய்த பனியின் மேல், ஒரு ஜோடி காலடி மட்டும் பதிந்திருந்தது. கதவைப் பார்த்தபடி, சரியாக இரண்டு அடி தள்ளி. ஏறி வந்த தடமும் இல்லை, இறங்கிப் போன தடமும் இல்லை.

காற்று அழித்திருக்கும் என்று சொல்லிவிட்டு ரூத் மீனைக் கவனிக்கப் போய்விட்டாள். காற்று படிகளை மட்டும் பெருக்கிவிட்டு மேல்தட்டை விட்டுவைக்குமா என்று கேட்க ஹேலிக்கு வாய்வரை வந்தது.

அந்த ஊரில் அவர்களைத் தேடிவந்து கதவு தட்ட ஆள் கிடையாது. கீழ்வீட்டுக்காரர் ஓஸ்முன், பேருந்து ஓட்டுகிறவர், உள்படி வழியாக வருவார். மற்றவர்கள் இந்த இரண்டு அமெரிக்கப் பெண்கள் இல்லாமலேயே இத்தனை காலம் சௌக்கியமாக இருந்தவர்கள். ஹேலி டோரன்ஸுக்கு வயது இருபது, ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணை. வீடு வீடாகப் போய் மதம் சொல்லும் சம்பளமில்லாத ஊழியமாகப் பதினெட்டு மாதத்துக்குச் சபை அவளை இங்கே அனுப்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. காலணிக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டி நடக்கப் பழகிவிட்டாள். பழுப்புப் பாலாடைக் கட்டியை இழைப்புளியில் சீவியது போலச் சீவி ரொட்டியில் வைக்கப் பழகிவிட்டாள். காப்பியை மறுக்கத்தான் இன்னும் வரவில்லை. அவர்கள் சபையில் காப்பி கூடாது. அந்த ஊரிலோ காப்பி கொடுப்பதுதான் உள்ளே வா என்று சொல்வது. ஒவ்வொரு வீட்டிலும் வெந்நீரைக் கேட்டு வாங்கி அசடு வழியக் குடித்தாள். ஊருக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதுவாள். வாரத்துக்கு ஒரு கடிதம்தான், தொலைபேசி அவசரத்துக்கு மட்டும்.

எப்போதும் இரண்டு பேர். அதுதான் விதிகளில் பெரிய விதி. கடைக்கு, தபால் நிலையத்துக்கு, துணி துவைக்க, எங்கே போனாலும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். குளியலறை மட்டும் விலக்கு. ரூத் காஸ்பர் அரிசோனாக்காரி, இருபத்திரண்டு வயது, இந்த ஊரில் எட்டு மாதம் இருந்தவள். ஆகையால் மூத்தவள். தன் கையுறையைப் போன வாரம்தான் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு குடிகாரனுக்குக் கழற்றிக் கொடுத்தாள். குளிரில் யாராவது நின்றால் அவளுக்குப் பொறுக்காது. முதல் வாரம் ஹேலிக்கு இந்த ஒட்டுதல் மூச்சு முட்டியது. பிறகு ரூத்தின் குறட்டை கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. அது ரூத் சொல்லிக் கொடுத்தது. இதற்குமுன் இந்த ஊரில் இருந்த ஊழியர்கள் எல்லாரும் எழுதிவைத்த ஒரு பச்சை நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். போன தேதி, நடந்தது, மறுபடி போக வேண்டிய தேதி.

"முகத்துக்கு நேரே வேண்டாம்னு சொல்ற வரைக்கும் நோட்டுல யார் பேரையும் அடிக்கக் கூடாது," என்றாள் ரூத் முதல் நாளே. "கதவுக்குப் பின்னாடி இருந்து கத்துறது கணக்குல வராது. அது பயத்துல சொல்றது. வெளக்கு எரிஞ்சுதுன்னா நகராதே, நில்லு."

நல்ல விடாக்கண்டர்கள். ஆனால் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் வீடு அவர்களுக்கும் மேலே கொடாக்கண்டன். அதன் பக்கம் மட்டும் ஏழு தாளாக நீண்டிருந்தது. பதினோரு வருடம், முப்பது நாற்பது பேர் கையெழுத்து. முதல் வரி: "உள்ளே ஆள் இருக்கிறார். நடக்கும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. மறுபடி வர வேண்டும்." அதற்குப் பிறகு வந்தவர்களும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் மூன்று மணி என்பது எப்படியோ வழக்கமாகிப் போயிருந்தது. ஹேலியும் அந்த வீட்டைப் பத்துத் தடவை தட்டியிருக்கிறாள். உள்ளே யாரோ கதவுவரை வந்து நிற்பது ஒவ்வொரு தடவையும் கேட்டது. கடைசியாகப் போனபோது மூச்சு கேட்டது. அதற்கு மறுவாரம் புயல், அவர்கள் போகவில்லை. வீட்டில் மீன் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை, மூன்று மணி. மூன்று தட்டு. இரண்டு அடி.

இந்தத் தடவை ரூத் ஓடினாள். அப்போதும் யாரும் இல்லை. கதவு இடுக்கில் ஒரு அட்டை செருகியிருந்தது. 'வந்தோம், உங்களைப் பார்க்க முடியவில்லை, மறுபடி வருவோம்' என்று அச்சடித்த அட்டை. அவர்கள் வீடு வீடாகச் செருகிவிட்டு வருவதுதான். அடியில் கையெழுத்து: சகோதரி டோரன்ஸ். ஹேலியின் கை. மூன்று வாரம் முன்னால் மஞ்சள் வீட்டில் அவள் விட்டுவந்தது. ஈரத்தில் ஊறிப்போய், மீன் உலர்த்தும் பரண்களுக்கு அடியில் வீசும் நாற்றம் அடித்தது.

அன்று மாலை ஓஸ்முன் உள்படி வழியாக ஒரு தட்டில் வாஃபிள் அப்பம் கொண்டுவந்தார். கேலிக்காரர். கடவுளைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, அவரே நவம்பரில் தெற்கே கிளம்பிவிடுவாரே என்பது அவருடைய வழக்கமான நகைச்சுவை. மஞ்சள் வீடு என்றதும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அங்க யாரு இருக்கா? நான் ஸ்கூல் படிக்கிறப்பவே ஆணி அடிச்சுப் பூட்டுன வீடு," என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "வேண்டாம்னு சொல்ல ஆளே இல்லாத வீட்டையா பொண்ணுங்களா இத்தனை வருஷமா தட்டுறீங்க?"

அவர் போன பிறகு ஹேலி பச்சை நோட்டை எடுத்து, விதியாவது ஒன்றாவது என்று மஞ்சள் வீட்டின் ஏழு தாளிலும் குறுக்கே கோடு இழுத்தாள். ரூத் தடுக்கவில்லை. அடுத்த செவ்வாயும் மூன்று மணிக்குத் தட்டு விழுந்தது. அட்டை ஒன்றல்ல, ஒரு கட்டு. பதினோரு வருடத்து அட்டைகள், எல்லார் கையெழுத்தும்.

ஹேலி தலைநகரில் இருந்த ஊழியத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து அழுதாள். அவர் நல்ல மனிதர். இருட்டுக் காலத்தில் எல்லாருக்கும் மனம் இப்படித்தான் தளரும், அடுத்த வாரம் இடம் மாற்றித் தருகிறேன், அதுவரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டு நகராதீர்கள் என்றார். இது கூட அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

புதன் முழுக்க ரூத் யோசித்துக்கொண்டே இருந்தாள். வியாழன் காலை ரொட்டியை அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"அது நம்மகிட்டதான் கத்துக்கிட்டிருக்கு, டோரன்ஸ். நாம எப்ப நிறுத்துவோமோ அப்பதான் அதுவும் நிறுத்தும். தட்டுறப்பவே தெறந்து, முகத்துக்கு நேரே வேண்டாம்னு சொல்லிடணும்."

"தெறக்காத," என்றாள் ஹேலி. "உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"பத்து நாளா வெளியில நிக்குது. யாராவது ஒருத்தர் பேசித்தானே ஆகணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பயத்தைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது. ரூத்துக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. இந்த எட்டு மாதத்தில் அவள் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் கதவுக்கு உள்ளே நடையில் நின்றார்கள். கோட்டுகளின் ஈரக் கம்பளி வாசனை, கீழே ஓஸ்முன் வீட்டு வானொலியில் கடல் வானிலை அறிக்கை, சுவரில் சூடாகும் குழாயின் டிக் டிக், கதவின் சொரசொரப்புக் கண்ணாடியில் வெளிவிளக்கின் மஞ்சள் வட்டம், அந்த வட்டத்தில் ஏதோ ஒன்று மேலே வருவதற்காகக் காத்திருப்பது போன்ற ஒரு வெறுமை. முதலில் ஜெபம் பண்ணலாம் என்றாள் ரூத். ஹேலி கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தாள். பயந்தவள் ஜெபம் நீளம். எங்களைக் காப்பாற்றும், இவளைக் காப்பாற்றும் என்று நடுவில் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று தட்டு கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் திறக்கக் கூடாது. அப்படித்தான் வளர்ந்தவள்.

தாழ்ப்பாளின் சத்தம். குளிர் முகத்தில் அடித்தது. பிறகு ரூத்தின் குரல், வாசலில் மட்டும் அவள் பேசும் அந்தக் கனிந்த குரல்.

"அய்யோ. தனியாவா வந்தீங்க?"

ஹேலி ஆமென் என்றாள். ஒரு குரல்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. ரூத்தின் சிவப்புக் கழுத்துத்துணி கொக்கியில் தொங்கியது. அவளுடைய ஆணிப்பட்டைகள் தரையில் இருந்தன. மேல்தட்டின் பனியில் இரண்டு ஜோடி காலடி, பக்கத்தில் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி. படிகளில் ஒரு தடமும் இல்லை.

ஊர்க் காவலர்கள் வந்தார்கள். மஞ்சள் வீட்டின் ஆணிகளைப் பிடுங்கி உள்ளே பார்த்தார்கள்; தூசியில் யார் காலும் பட்டிருக்கவில்லை. துறைமுகத்தில் விளக்குப் போட்டுத் தேடினார்கள். இந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் போன பெண்ணைப் பற்றி எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஓஸ்முனின் மனைவி வந்து ஹேலியோடு மூன்று ராத்திரி படுத்தாள். தலைவர் அழைத்தார், குரல் உடைந்திருந்தது. செவ்வாய்க்கிழமைக் கப்பலில் தானே வருவதாகச் சொன்னார். புயலில் கப்பல் தாமதம். ஓஸ்முன் பேருந்தில் இருந்தார், அவர் மனைவி மீன் ஆலையில். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வாரத்தில் முதல்முறையாக ஹேலி தனியாக இருந்தாள்.

செவ்வாய். மூன்று மணி.

அவள் சமையலறையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். விளக்கை அணைக்கவில்லை. அணைத்திருக்க வேண்டும். அது தோன்றுவதற்குள் நேரம் போய்விட்டது.

மூன்று தட்டு.

அது ரூத்தின் தட்டு. மூன்றாவது தட்டு எப்போதும் கொஞ்சம் மெல்லியதாக இருக்கும்.

பிறகு பின்வாங்கும் சத்தம். இரண்டு அடி. இன்னொரு இரண்டு அடி.

ஹேலி தவழ்ந்து நடைக்கு வந்தாள். சொரசொரப்புக் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு உருவம். வலப்பக்கம் மூத்தவர் நிற்கும் இடத்தில் குட்டையான ஒன்று, கழுத்து வெறுமையாக. இடப்பக்கம் புதியவர் நிற்கும் இடத்தில் உயரமாக ஒன்று, தலை கதவு நிலையின் மேல்சட்டத்தைத் தொட்டு, கற்றுக்கொள்கிறவர்களுக்கே உரிய கவனத்தோடு பக்கத்து உருவத்தின் பக்கம் சாய்ந்து.

"வேண்டாம்," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி கத்தினாள். "வேண்டாம், போயிடுங்க, வேண்டாம்."

அசையவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து சொல்வது கணக்கில் வராது.

கொக்கியைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். திறக்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், ரூத்தின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கை எழவில்லை. வெட்கத்தில் அழுதாள், பயத்தில் அழுதாள், அழுதுகொண்டே அங்கேயே கிடந்தாள்.

கதவுக்கு அடியில் ஒரு அட்டை நுழைந்தது. அச்சு வரியில் 'பார்க்க முடியவில்லை' என்பதை அடித்துவிட்டு, ரூத்தின் உருண்டைக் கையெழுத்தில், மை காயாமல்: வீட்டில்தான் இருக்கிறாய். அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று சகோதரி காஸ்பர். இன்னொன்று இப்போதுதான் எழுதப் பழகும் கை, எழுத்தே இல்லை, வெறும் கோடு.

வெளியே பனி விழுந்தது. இரண்டு பேர் தோளிலும் விழுந்து, கரையாமல், அப்படியே ஏறிக்கொண்டே இருந்தது. அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு பொறுமை என்று ஹேலிக்குத் தெரியும். அந்த மஞ்சள் வீட்டுக்கு ஊழியர்கள் பதினோரு வருடம் போயிருந்தார்கள்.